ஒரு மரத்துக் கன்றுகள்

எங்கள் வீட்டுக்குப் பின்கதவு இருக்கிறது. பின்பக்கம்தான் இல்லை.

சோரியாங்குப்பத்தில் பெண்ணையாற்றுக் கரையை ஒட்டிய தெருவில் கடைசி வீடு எங்களுடையது. முன்பு அந்தக் கதவைத் திறந்தால் துணி துவைக்கும் கல் இருக்கும். அதைத் தாண்டி முருங்கை, அதைத் தாண்டிக் கக்கூஸ், அதையும் தாண்டி ஆடு கட்டுகிற இடம், அதற்கப்புறம்தான் கரை சரியும். புயல் அடித்த கையோடு மேலே அணையைத் திறந்துவிட்ட அந்தக் கார்த்திகையில் ஆறு வந்து, இதையெல்லாம் கடைசியிலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டு போனது. கல் மட்டும் மிச்சம். அம்மா இன்றும் அதில்தான் துவைக்கிறாள். துவைத்த தண்ணீர் விளிம்புவரை ஓடிக் கீழே விழுகிற சத்தம் அடுப்படியில் கேட்கும். முதலில் அந்தச் சத்தம் தூரத்தில் இருந்தது. இப்போது பக்கத்தில் இருக்கிறது.

அப்பா கொத்தனார். மூலக்குளத்தில் வரிசை வரிசையாக எழும்பிய மாடி வீடுகள் பலவற்றில் அவர் கை பட்டிருக்கிறது. பகலில் அங்கே வேலை செய்துவிட்டு வந்து, சாயங்கால வெளிச்சத்தில் எங்கள் வீட்டைத் தானே கட்டினார். சுவரில் எந்த இடத்தைத் தட்டினாலும், அதைப் பூசிய அன்று என்ன சாப்பிட்டார் என்பதுவரை சொல்வார். வெள்ளத்துக்குப் பிறகு அதிகாரிகள் தெருவுக்கு வந்து, கரையோர வீட்டுக்காரர்களுக்கு மேட்டுப்பக்கம் மனைப்பட்டா தருவதாகச் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பா மட்டும் நடுவில் எழுந்து நின்றார்.

"எம் பொண்ணு எம்மெஸ்சி சார். செடிகொடியப் பத்தித்தான் படிச்சிக்கீது. இந்தக் கரையில மரம் வெக்கப் போறதே அவதான். மண்ணு நிக்குமா நிக்காதான்னு அவளுக்குத் தெரியாதா? நாங்க வரல. எங்க மனைய வேற யாருக்காச்சும் குடுங்க."

நான் அப்போது கரைமேல் கன்றுகளை இறக்கிவைத்துக்கொண்டிருந்தேன். தெருவே திரும்பி என்னைப் பார்த்தது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் நான். அம்மாவுக்குப் பஸ் பலகை படிக்க வராது, நிறத்தை வைத்துத்தான் ஏறுவாள். அப்படிப்பட்ட வீட்டில் அப்பா, அதிகாரிகளுக்கு எதிரே என் படிப்பைக் கேடயம் மாதிரித் தூக்கிப் பிடிக்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போதும் அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வீடு என் சொல்லின் மேல் நிற்க ஆரம்பித்தது. அது செங்கல்லின் மேல் நிற்பது போல் இல்லை.

நான் வேலை பார்ப்பது வில்லியனூர்ப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணையில். ஆற்றங்கரை, ஏரிக்கரை, தரிசு என்று எங்கே காடு வளர்க்க வேண்டுமோ அங்கே போகும் கன்றுகளை நாங்கள் வளர்க்கிறோம். அதை ஆரம்பித்தவரை எல்லாரும் சார் என்போம். பெண்ணையாற்றுக் கரைக்கு நாவல் என்று முடிவு செய்தவர் அவர்தான். நாவல் காலடியில் தண்ணீர் நின்றாலும் அழுகாது, வேர் சேற்றை விடாது. எங்கள் பண்ணையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விதை உள்ளூர் மரத்திலிருந்து வர வேண்டும். உள்ளூர் மண்ணையும் உள்ளூர் மழையையும் அறிந்த மரத்தின் பிள்ளைதான் இங்கே பிழைக்கும் என்பது காரணம். நானும் அதை நம்பினேன். வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லுவதே என் வேலை மாதிரி இருந்தது.

அந்த உள்ளூர் விதை வந்தது ஒரு ஐயனார் கோயில் காட்டிலிருந்து. பாகூரிலிருந்து வில்லியனூர் வரும் வழியில், வயல்களுக்கு நடுவே கரும்பச்சையாகக் குவிந்து நிற்கும் காடு அது. அந்த ஊரில் ஒரு வழக்கம். உத்தரவில்லாமல் யாரும் காட்டுக்குள் போகக் கூடாது, உள்ளிருந்து ஒரு சுள்ளியைக்கூட வெளியே எடுக்கக் கூடாது. உள்ளே விழுந்தது ஐயனாருடையது. சாலையில் விழுந்ததை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். பெரிய நாவல் ஒன்று காட்டின் ஓரத்தில் நின்று சாலைமேல் சாய்ந்திருக்கும். ஆனி மாதம் வந்தால் அதன் கீழே தார்ச்சாலை ஊதா நிறமாகிவிடும்.

அம்மா விடியும்போது போய் அதைப் பொறுக்குவாள். தவளக்குப்பம் சந்திப்பில், கடலூர் பஸ் நிற்கிற இடத்தில் கூடையோடு உட்கார்ந்து, உப்புத் தூவிக் காகிதப் பொட்டலம் போட்டு விற்பாள். நசுங்கியதும் விற்காததும் பண்ணைக்கு விதையாக வரும். அம்மா மட்டுமல்ல, சுற்றுப்பட்ட பெண்கள் எல்லாரும் அப்படித்தான்.

வைத்த கன்றுகள் முதல் மழையில் நன்றாகவே வந்தன. கத்திரி வெயில் வந்தது. ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் கரையில் நடந்தேன். எல்லாக் கன்றிலும் இலை நுனி கருகியிருந்தது. கருகுவது புதிதல்ல. ஆனால் எல்லாக் கன்றிலும், எல்லா இலையிலும், ஒரே அளவுக்குக் கருகியிருந்தது. யாரோ ஒரே இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டு வரிசையாகத் தேய்த்துக்கொண்டு போனது போல.

நான் கரையின் கடைசிவரை நடந்தேன். எந்த நடவிலும் சில கன்று சாகும், சில தடுமாறும், சில எதையும் கண்டுகொள்ளாமல் நிற்கும். அந்த வித்தியாசத்தை நம்பித்தான் காடு வளர்க்கிறோம். இங்கே வித்தியாசமே இல்லை. ஒரு வகுப்பு முழுக்க ஒருத்தியைப் பார்த்து எழுதிய பரீட்சைத்தாள்களைத் திருத்துகிற மாதிரி இருந்தது. பதில் மட்டுமல்ல, தப்பும் ஒன்றாகவே இருக்கும்.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன்.

"நீ பண்ணைக்குக் குடுக்கிற கொட்டை எந்த மரத்துதுமா?"

"எந்த மரத்துது? நாவ மரத்துது."

"எந்த நாவ மரம்?"

"ரோட்டு மேல சாஞ்சிக்கீதே, அது. அதும் பழம் மாதிரி வேற எங்க கீது? துன்னுட்டு நாக்க நீட்டி நீட்டிக் காட்டினு போவுதுங்க காலேஜ் பசங்க."

"போன வருசம்?"

"அதுதான்."

"அதுக்கு முன்னாடி? மத்த பொம்பளைங்கல்லாம்?"

"இன்னாடி இது, போலீஸ்டேஷன் மாதிரி? உள்ள பூந்து பொறுக்கினா ஐயனாரு வுட்ருவாரா? எல்லாருக்கும் அந்த ஒரே மரந்தான்."

பெண்ணையாற்றங்கரை மட்டுமில்லை. பண்ணை இத்தனை வருடமாகச் சுற்றிலும் ஏரிக்கரைகளுக்கும் வாய்க்கால் ஓரங்களுக்கும் கொடுத்த நாவல் எல்லாமே அந்த ஒரு மரத்துப் பிள்ளைகள். போதாததற்கு நாவல் கொட்டை ஒன்றிலிருந்து இரண்டு மூன்று முளைகூட வரும். பிரித்து நட்டால் கன்று கூடியது மாதிரி இருக்கும். தாயை அச்சில் வார்த்த முளைகள் அவை. ஒரு பூச்சிக்கோ ஒரு வெயிலுக்கோ ஒரு கன்று தோற்றால், எல்லாக் கரையிலும் எல்லாம் ஒரே நாளில் தோற்கும்.

மறுநாள் கரையில் ஒரு கன்றைத் தோண்டிப் பார்த்தேன். வேர் ஒரு முழம் நேராக இறங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அந்த ஆழத்து மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. கடல் எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் முகத்துவாரம் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே ஏறி வருகிறது, ஒவ்வொரு கோடைக்கும் கொஞ்சம் கூடுதலாக. எங்கள் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாமல் போனது அதனால்தான். அடுத்த கன்றைத் தோண்டினேன். அதுவும் அதே ஆழத்தில் திரும்பியிருந்தது. மூன்றாவதைத் தோண்ட எனக்கு மனம் வரவில்லை. மேல்மண்ணில் மட்டும் படர்ந்த வேர் எந்தக் கரையையும் பிடிக்காது.

சாரிடம் சொன்னேன். அவர் நாற்றங்கால் நிழல்வலைக்குக் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கவலை வேறு திசையில் இருந்தது.

"ஏம்மா, ஒரு மரமா பத்து மரமான்றது அப்புறம். உள்ளூர் மரம்னு நாம பிடிச்சிட்டுக் கிடக்கிறோமே, அந்த மரம் பொறந்தப்ப இருந்த வெயிலா இப்ப இருக்கு? இந்தக் கன்னு பெருசாவறப்ப இன்னும் எப்படி இருக்கும்? நேத்து வெயிலப் பார்த்த மரத்துக்கிட்டப் போய் நாளைக்கு வெயிலுக்கு விதை கேட்கிறோம்."

"அப்ப வேற எங்க சார் கேக்கிறது?"

"நாளைக்கு வெயில் இன்னிக்கே அடிக்கிற ஊர்ல. ஆத்தோட மேல போ. திருக்கோவிலூர்ப் பக்கம் பாறையில நிக்குது நாவல். அங்க அடிக்கிற வெயில்தான் இங்க வரப்போவுது."

"வெயில் தெரியும் சார் அதுக்கு. உப்பு தெரியாதே. எங்க ஊருக்கு ரெண்டும் சேர்ந்து வருது."

அவர் சிரித்தார். "ரெண்டும் தெரிஞ்ச மரம் வேணும்னா மாப்பிள்ளை பாக்கிற மாதிரிதான் பாக்கணும். தரகர் யாரும் கிடையாது."

யோசித்துப் பார்த்ததில் ஒரு வழி இருந்தது. கோயில் காட்டுக்குள் நாவல் ஒன்றல்ல, நிறைய இருக்கின்றன என்று ஊரே சொல்லும். கடல் காற்று எட்டுகிற தூரத்தில் பல தலைமுறை நின்ற மரங்கள். அவற்றில் பலவற்றிலிருந்து விதை எடுத்து, மேலே திருக்கோவிலூர்ப் பக்கத்து விதையோடு கலந்து வளர்க்கலாம். உப்பு தெரிந்ததும் வெயில் தெரிந்ததும் ஒரே கரையில் நின்றால் ஏதாவது ஒன்று தாங்கும். ஆனால் உள்ளே போக ஐயனார் உத்தரவு வேண்டும்.

பூசாரி என்னைவிடச் சில வயதுதான் பெரியவர். காலையில் பூசை, மற்ற நேரத்தில் தவளக்குப்பத்தில் ஷேர் ஆட்டோ. அவர் ஆட்டோவில் உட்கார்ந்துதான் விஷயத்தைச் சொன்னேன்.

"உள்ள போயி கொட்டை பொறுக்கணுமா? எம்மெஸ்சி படிச்சிட்டு கொட்டை பொறுக்க வந்துக்கீது பாரு" என்று கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்.

"உங்க அய்யனாரு சாலையில போட்டதப் பொறுக்கினதாலதாண்ணா இப்ப இந்த கதி."

"ஏய், சாமியப் பேசாத. பூ வெச்சிக் கேப்போம். குடுத்தா போ. குடுக்கலன்னா எனக்கு போன் பண்ணாத."

ஆனி பிறந்த ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஊரார் சிலரும் அம்மாவும் நானும் நிற்க, அவர் காட்டின் வாசலில் இருக்கும் ஐயனாரின் இரண்டு தோளிலும் நனைத்த அரளிப்பூவை ஒட்டிவைத்தார். வலது தோள் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. சில சமயம் உச்சிவெயில்வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் தண்ணீர் பாட்டில்கூட எடுத்துப் போயிருந்தேன். அவர் கையை எடுத்து, கும்பிட்டு, திரும்புவதற்குள் வலது தோள் பூ விழுந்துவிட்டது.

யாரும் குலவையிடவில்லை. பூசாரி பூவையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஈரம் பத்தலயா?" என்றார் ஒருவர்.

"ஈரமாத்தான் வெச்சேன்."

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "கேக்கறதுக்குள்ள குடுத்துட்டாருடி. அவருக்கு இன்னா அவ்ளோ அவசரம்? எனக்குப் புடிக்கல."

எனக்குச் சாமி நம்பிக்கை அம்மா அளவுக்கு இல்லை. ஆனால் அவள் சொன்னது எனக்கும் பிடிக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். பூசாரி முன்னால், நான் அடுத்து, அம்மா கடைசி. முதல் சில அடிகள் குளிர்ச்சியாக இருந்தது. பிறகு காலடியில் சருகு அப்பளம் மாதிரி நொறுங்க ஆரம்பித்தது. மேலே பார்த்தேன். ஆகாயம் தெரிந்தது. வெளியிலிருந்து பார்க்கும்போது அந்தக் காட்டில் எங்கும் ஆகாயம் தெரியாது.

நாவல்கள் இருந்தன. ஊர் சொன்னது பொய்யில்லை. ஒன்றின் தலை முழுக்கக் காய்ந்து வெறுங்கொம்பாக இருந்தது. இன்னொன்றின் பட்டை உரிந்து, தொட்டதும் கையோடு வந்தது. அதற்கும் அப்பால் நின்றவையும் அப்படித்தான். கீழே ஒரு கன்றுகூட இல்லை. நடுவிலிருந்த குளம் வெடித்துக் கிடந்தது. ஊரில் போட்ட போர்க் குழாய்கள் ஆழம் போகப் போக, காட்டின் கீழிருந்த தண்ணீர் எப்போதோ இறங்கிவிட்டிருக்கிறது. ஓரத்து மரங்கள் மட்டும் சாலையோரச் சாக்கடை நீரைக் குடித்துப் பச்சையாக நின்று, உள்ளே இருப்பதை மூடிக்கொண்டிருக்கின்றன. யாரும் உள்ளே வரக் கூடாது என்று காத்தார்கள். அதனால் யாரும் பார்க்கவில்லை.

உயிரோடிருந்த ஒரு நாவலின் கீழ் சுருங்கிய பழம் கொஞ்சம் கிடந்தது. பிளேடால் ஒரு கொட்டையைப் பிளந்தேன். உள்ளே கறுப்புப் பொடி. அடுத்ததும் பொடி. அம்மா தன் புடவைத் தலைப்பில் பொறுக்கியிருந்ததைக் கீழே கொட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.

பூசாரி ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் இருந்த பேச்சு ஒன்றும் அவரிடம் இல்லை.

"டெய்லி இங்கதான் பூச பண்றேன். வெளியேருந்து பாத்தா பச்சையாத்தான் கீது" என்றார். பிறகு, "ஊர்ல சொல்லாதமா. கூழ் ஊத்தற வரைக்குமாச்சும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது சாலைமேல் சாய்ந்த அந்த நாவலை நிமிர்ந்து பார்த்தேன். அது நிறையக் காய்த்திருந்தது. காட்டில் அது ஒன்றுதான் ஒழுங்காகக் காய்க்கிறது.

அதற்கு மறுவாரம் சாரும் நானும் ஆற்றோடு மேலே போனோம். திருக்கோவிலூரைத் தாண்டி, ஆறு முழுக்க மணலும் பாறையுமாகக் கிடந்தது. வண்டியை விட்டு இறங்கியதும் வெயில் முகத்தில் கை வைத்துத் தள்ளியது. எங்கள் ஊருக்கு வரப்போகும் வெயில் இதுதான் என்று சார் சொன்னதை நினைத்து, அதில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். தோல் எரிந்தது. பாறைப் பிளவுகளில் நாவல்கள் குட்டையாக, இறுக்கமாக, யாரையும் சட்டை செய்யாமல் நின்றன. இந்த முறை ஒரு மரத்தோடு நிற்கவில்லை. ஒன்றிலிருந்து கொஞ்சம், பிறகு நன்றாகத் தள்ளி நடந்து அடுத்ததிலிருந்து கொஞ்சம் என்று சாயங்காலம்வரை நடந்தோம். பழம் சின்னது, துவர்ப்பு. அம்மா பார்த்தால் கூடையில் சேர்க்க மாட்டாள். நாவல் கொட்டை காய்ந்தால் செத்துவிடும். ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து மறுநாளே விதைத்தோம்.

வெயில் தெரிந்த விதை வந்துவிட்டது. உப்பு? முளைத்து இலை விட்ட பிறகு, தினமும் எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் பண்ணைக்குப் போனேன். கண்டக்டர் கேட்காமல் விடவில்லை.

"இன்னாமா, வில்லியனூர்ல தண்ணி கஷ்டமா? சொல்லவே இல்ல."

"இது குடிக்கிறதுக்கு இல்லண்ணா. செடி சாவுதான்னு பாக்கறதுக்கு."

"சாவடிக்கிறதுக்கா டெய்லி டிக்கெட் எடுத்துனு போற?" பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கேன் மூடி கசிந்து என் சுடிதாரில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருந்ததை இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.

சில கன்றுகள் ஒரு வாரத்தில் செத்தன. சில இலையை உதிர்த்துவிட்டு மறுபடி துளிர்த்தன. மிகச் சில, ஒன்றும் நடக்காதது போல நின்றன. வித்தியாசம் தெரிந்தது. கன்று செத்ததைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சாரும் குனிந்து பார்த்து, "இதுங்களுக்குள்ள எதுவோ ஒண்ணு உங்க கரையில நிக்கும்மா" என்றார். எதுவோ ஒன்று. அது விரல் நீளம் இருந்தது. கரையைப் பிடிக்கிற மரமாக அது ஆவதற்குள் எத்தனை கார்த்திகை வரும் என்று நாங்கள் இருவருமே சத்தமாகக் கணக்குப் போடவில்லை.

ஆடி முடிந்த மறுநாள் வீட்டுக்கு வந்தபோது பின்பக்கம், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், செங்கல் இறக்கி அடுக்கியிருந்தது. அப்பா நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா இது?"

"உனக்கு ஒரு ரூம். புக்கெல்லாம் வெக்க. ஆத்தப் பாத்த மாதிரி ஜன்னல் வெக்கிறேன், காத்து வரும்."

"ஆத்தப் பாத்தா?"

"உன் மரந்தான் நிக்கிதே. துளிர் வுட்டுக்கீது பாரு."

பார்த்தேன். ஆடியில் மழை ஒன்று பெய்து உப்பு கொஞ்சம் கீழே இறங்கியதும், கரையிலிருந்த கன்றுகள் எல்லாம் புதுத் துளிர் விட்டிருந்தன. எல்லாம் ஒரே நாளில். தெருவில் எல்லாரும் பாராட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கரை அழகாக, கரும்பச்சையாக இருந்தது. கோயில் காடும் தூரத்திலிருந்து அப்படித்தான் இருக்கும்.

"அப்பா, அது புடிக்காது."

"எது?"

"அந்த மரம். வேரு கீழ எறங்கல. எல்லாம் ஒரே மரத்துப் புள்ளைங்க, ஒண்ணு வுட்டா எல்லாம் வுட்டுடும். வேற கன்னு வளக்கிறோம். அது ஆளாவ வருசம் ஆவும். அதுக்குள்ள தண்ணி வந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அந்த மேட்டு மனைக்குப் போலாம்பா. போய்க் கேளு."

அவர் நூலைச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை. கோபம் இல்லை, அது இருந்தால் சமாளித்திருப்பேன். தான் பூசிய சுவரில் விரிசல் விட்டதைக் காட்டினால் ஒரு கொத்தனார் பார்ப்பாரே, அப்படி.

"அத்தன பேர் எதிர்ல சொல்லிட்டேனே. இப்போ போயி எம் பொண்ணுக்குத் தெரியலன்னு சொல்றதா?"

"தெரிஞ்சதாலதாம்பா சொல்றேன்."

"படிச்சவ ஒரு பேச்சு பேசணும்" என்றார். அன்று அறைக்குக் கடைக்கால் தோண்டவில்லை. ஒரு சவுக்குக் கழியை எடுத்துப் போய்க் கரை விளிம்பில், ஓரத்துக் கன்றுக்குப் பக்கத்தில் ஆழமாக அடித்தார். மண் நகர்ந்தால் அது காட்டும், நகரவில்லையென்றால் ஐப்பசிக்கு முன் சுவர் எழும்பும் என்று அம்மாவிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு தினமும் எழுந்ததும் பின்கதவைத் திறந்து கழியைப் பார்ப்பார். நின்றால் எனக்குக் கேட்கும்படி, "நிக்கிது" என்பார். செங்கல் அடுக்கு அப்படியே இருந்தது.

மேலே மலைப்பக்கம் மழை பிடித்த செய்தி வந்தது. எங்கள் ஊரில் சொட்டு மழை இல்லை, வெயில் காய்ந்தது. ஆற்றின் நிறம் மட்டும் மாறியது. முதலில் டீ மாதிரி, பிறகு செம்மண் கரைத்த மாதிரி. சத்தமில்லாமல் வந்த தண்ணீர். வெள்ளம் என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். அம்மா அதில் குடத்தைக்கூட அலசினாள்.

ஒரு காலை நான் பண்ணைக்குக் கிளம்பும்போது பின்கதவு திறந்திருந்தது. அப்பா விளிம்பில் நின்றிருந்தார். "நிக்கிது" என்ற குரல் வரவில்லை. போய்ப் பக்கத்தில் நின்றேன். கழி இல்லை. அது நின்ற இடமே இல்லை. ஓரத்துக் கன்று பாதி வேர் வெளியே தெரிய, கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இலைகள் புதிதாக, பளபளவென்று இருந்தன. கீழே பச்சை மண் ஈரமாகச் சரிந்து கிடந்தது.

"எவனோ புடுங்கினு பூட்டான்" என்றார் அப்பா.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சவுக்குக் கழி ஆச்சே. அடுப்புக்கு எடுத்துனு பூட்டானுங்க" என்றார் மறுபடியும்.

அப்போது எங்களுக்குப் பின்னால் செங்கல் உரசும் சத்தம் கேட்டது. அம்மா. புடவையைச் செருகிக்கொண்டு, அடுக்கிலிருந்து எடுத்த செங்கற்களைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வீட்டைச் சுற்றி முன்பக்கம் போய், தெருவோரம் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாள். மறுபடி எடுத்தாள்.

"யாரக் கேட்டு எடுக்கிற?" என்று அப்பா கத்தினார்.

"மேட்டுல வூடு கட்டறதுக்கு செங்கல் வோணாமா? ஆத்துல போட்டுட்டா அங்க இன்னாத்த வெச்சிக் கட்டுவ?"

நான் பையைத் துவைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டு, துப்பட்டாவைச் சுற்றிச் சும்மாடு கட்டினேன். முதல் சுமையைத் தூக்கும்போது கழுத்து நடுங்கியது. அம்மாவுக்குப் பின்னால் நடந்தேன். நாங்கள் போய்ப் போய் வந்தோம். அப்பா தடுக்கவில்லை, கையும் கொடுக்கவில்லை. விளிம்பில் முதுகைக் காட்டி நின்று, வெயிலில் சிவப்பாக ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் ஒரு தடவை நான் திரும்பி வந்தபோது, அவர் அப்படியே முதுகைக் காட்டித்தான் நின்றார். ஆனால் விளிம்பிலிருந்து இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.